கொழும்பு மாடியில் ஒலிவ மரம்: வாங்குவது, வெட்டுவது, மழையிலிருந்து காப்பது

என்னுடைய முதல் ஒலிவ மரம் பதினான்கு மாதம்தான் இருந்தது. இரண்டாவது இப்போது ஐந்தாவது வருடமாக வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் நிற்கிறது. முதல் மரத்தை வளர்த்தபோது நான் பின்பற்றியதெல்லாம் இத்தாலி, ஸ்பெயின் பக்கத்துக் குறிப்புகள். "குளிர்காலம் முடிந்ததும் வெட்டுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். கொழும்பில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? நானாக ஐப்பசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன், கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று. அதைவிட மோசமான மாதத்தை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது.

அந்தப் பிழைகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக, வாங்குவதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. காய் ஆசையை விட்டுவிடுங்கள்

ஒலிவ மரம் பூக்க வேண்டுமென்றால் சில வாரங்கள் தொடர்ந்து நல்ல குளிர் வேண்டும். இரவில் 10 பாகை அளவுக்காவது இறங்க வேண்டும். கொழும்பில் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். நுவரெலியாவில் வைத்தால் குளிர் கிடைக்கும், ஆனால் மழையும் மூடுபனியும் சேர்ந்தே கிடைக்கும். ஆகவே இங்கே இதை இலை அழகுக்காக மட்டும் வளர்க்கிறோம் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. "போன வருடக் கிளையில்தான் காய் வரும், அதை வெட்டாதே" என்ற கவலை நமக்கு இல்லை. மரத்தின் உடலுக்கு எது நல்லதோ அதை மட்டும் பார்த்து வெட்டலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்தியதரைக் கடல் பக்கம் இந்த மரம் ஆண்டுக்கு 400 முதல் 700 மில்லிமீற்றர் மழையில் வாழ்கிறது. கொழும்பில் பெய்வது ஏறத்தாழ 2,400. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் வேலைதான்.

2. எந்த "ஒலிவ்" என்று பார்த்து வாங்குங்கள்

நேர்சரியில் போய் "ஒலிவ் கன்று இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தருவது வெரளுக் கன்றாக இருக்கலாம். சிலோன் ஒலிவ் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதால் அவர்கள் சொல்வதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. நாம் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிடும் அந்த வெரளிக்காயின் மரம் வேறு குடும்பம். அது மழையில் குளித்து வளரும், முற்றத்தில் நட்டால் வீட்டை விட உயரமாகப் போகும். கறுப்பு ஒலிவ் என்ற பெயரில் வரும் அலங்கார மரமும் வேறு. அதன் கிளைகள் தட்டுத் தட்டாக அடுக்கி நிற்கும், இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும்.

உண்மையான ஒலிவத்தை அடையாளம் காண ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைகள் சோடி சோடியாக, எதிரெதிரே இருக்கும். விளிம்பில் பல் இருக்காது. மேலே சாம்பல் கலந்த பச்சை. திருப்பினால் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல இருக்கும். வெரளு இலைக்கு விளிம்பில் பல் உண்டு, ஒன்று மாறி ஒன்றாக வரும், முற்றிய இலை விழுவதற்கு முன் சிவக்கும்.

நான் பத்தரமுல்லைப் பக்கம் ஒரு நேர்சரியில் வாங்கினேன். வாங்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள்: இனத்தின் பெயர் என்ன, இறக்குமதி செய்து எத்தனை மாதம், கொழும்பில் ஒரு பெருமழைக் காலத்தைத் தாண்டிய கன்றா. மூன்றாவது கேள்விக்கு "ஆம்" வந்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. இனத்தில் ஆர்பெக்கினா கிடைத்தால் எடுங்கள். அது சிறிதாக வளர்வது, சாடிக்கு ஏற்றது. சாடியை மெல்லச் சரித்து அடித் துளையையும் பாருங்கள். வேர் வெளியே வந்து சுருண்டு கிடந்தால் அல்லது மண் புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

பில்லில் செடியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். "பூக்கன்று 1" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு எதுவும் கேட்க முடியாது. எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

3. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைத்தால்

எங்கள் மாமி எருசலேம் யாத்திரை போனபோது ஒலிவ மலைப் பக்கம் வாங்கிய சின்னக் கன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தார். விமான நிலைய வாசலைத் தாண்டவில்லை. "புனித பூமி மரம், தம்பி" என்று அவர் சொன்னதை அதிகாரி மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கன்றை வாங்கி வைத்துக்கொண்டார். தவறு முழுக்க எங்களுடையது.

1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடக்கூடிய செடியோ தண்டோ உள்ளே வர வேண்டுமானால் இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரம். இதைச் செடி புறப்படுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், வந்து இறங்கிய பிறகு அல்ல. இரண்டாவது, அனுப்பும் நாட்டின் அதிகாரிகள் தரும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். மண் ஒட்டியிருக்கக் கூடாது. பரிசோதனையைக் கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை செய்கிறது. அவர்கள் தேவை என்று நினைத்தால் செடியைச் சில காலம் தனியாக வைத்தும் பார்ப்பார்கள்.

இதை வெறும் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். சைலெல்லா என்ற ஒரு பக்டீரியா 2013 இல் இத்தாலியின் புலியா மாநிலத்து ஒலிவத் தோப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அங்கே பட்டுப்போன மரங்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். அது ஒலிவத்தோடு நிற்கும் நோயும் அல்ல.

ஒரு கன்றுக்காக இவ்வளவு அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து. இங்கேயே வாங்குங்கள்.

4. மாடிவீடு என்றால் முதலில் ஒரு கடிதம்

18 அங்குலச் சாடி, மண், ஈரம் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை வந்துவிடும். தொடர்மாடியில் இருப்பவர்கள் பொது மொட்டை மாடியில் வைப்பதற்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சாடியின் அளவு, வைக்கும் இடம், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்ற மூன்றையும் எழுதினால் போதும். எனக்குப் பதில் வர மூன்று வாரம் எடுத்தது, அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கன்றை வாங்கிவிட்டுக் கடிதம் எழுதினால் அந்த மூன்று வாரமும் அது படிக்கட்டில் இருட்டில் நிற்கும். பிரதி ஒன்றில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

சொந்தப் பல்கனி என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் விழுகிறதா என்று பாருங்கள். கடல் பார்த்த மேற்குப் பல்கனி நல்லது. உப்புக்காற்றை இந்த மரம் ஓரளவு தாங்கும்.

5. சாடியும் மண்ணும்

கன்று வரும் பையில் பெரும்பாலும் தும்புச்சோறுதான் இருக்கும். அந்தூரியத்துக்கு அது அமிர்தம். ஒலிவத்துக்கு அது நாள் முழுக்கக் கழற்றாத ஈரச் சப்பாத்து. மாற்றியே ஆக வேண்டும்.

நான் போடும் கலவை: தோட்ட மண் இரண்டு பங்கு, கரடான ஆற்று மணல் இரண்டு பங்கு, கால் அங்குலச் சல்லி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு. கொழும்பு மண் புளிப்புத் தன்மை உள்ளது, ஒலிவம் சுண்ணாம்பு மண்ணில் பழகியது. அதனால் சாடிக்கு ஒரு கைப்பிடி டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் கலக்கிறேன். எந்த உரக்கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்கும். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், அது மிக நைசானது, உப்பும் உண்டு.

சாடி மண்சாடியாக இருக்கட்டும். அடியில் துளை குறைந்தது மூன்று. சாடியைச் செங்கல் மூன்றின் மேல் தூக்கி வையுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். வேர் அழுகுவது ஒரு காரணம். மற்றது நுளம்பு. ஒருநாள் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர் என் முதல் மரத்தின் தட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அன்று எச்சரிக்கையோடு போய்விட்டார். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடவும் இடமிருக்கிறது.

6. தண்ணீர்

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். தை மாசியில் எனக்கு வாரம் இரண்டு முறை வரும், மழைக் காலத்தில் பல வாரம் ஒருமுறை கூட இல்லை.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. இலை மஞ்சளித்து விழுந்தால் "பாவம், தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஊற்றுவோம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். தாகம் என்றால் இலை உள்பக்கமாகச் சுருண்டு, பச்சையாகவே காய்ந்து மொறுமொறுப்பாகும்.

வைகாசி மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் பெரிய சோதனை. என் இரண்டாவது மரம் பிழைத்ததற்கு முக்கிய காரணம் சில்லு பூட்டிய ஓர் இரும்புத் தட்டு. வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தேன். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தண்ணீர் தேங்காது. வானம் கறுத்தால் மரத்தைக் கூரை நீட்டுக்குள் தள்ளிவிடலாம். அது முடியாதவர்கள் மண்ணின் மேல் மட்டும் ஒரு பொலித்தீன் பாவாடை கட்டி, தண்டைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுங்கள். வெயில் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

7. வெட்டும் நாளைப் பார்த்து வையுங்கள்

வெட்டிய காயம் ஈரத்தில் ஆறாது. பூஞ்சணமும் பக்டீரியாவும் உள்ளே போகும் வழியே அதுதான். ஒலிவக் கிளைகளில் கழலை கழலையாக வரும் ஒலிவ முடிச்சு என்ற நோயும் மழைநாள் வெட்டுக் காயங்கள் வழியாகத்தான் பரவுகிறது.

கொழும்பில் வருடத்திலேயே மழை குறைந்த காலம் ஜனவரி, பெப்ரவரி. பெரிய வெட்டு அப்போதுதான். தைப்பொங்கல் முடிந்து மாசி நடுப்பகுதிக்குள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். நம் மரம் குளிர்காலத் தூக்கம் இல்லாமல் பன்னிரண்டு மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், ஜூலை, ஓகஸ்டில் மழை ஓயும் வாரம் ஒன்றில் நுனிகளை மட்டும் கிள்ளிவிடுகிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டெம்பர் கடைசி முதல் டிசம்பர் நடு வரையும் கத்தரியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னும் பின்னும் மூன்று நாள் மழை இல்லையா என்று வானிலை அறிக்கையைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

புதிதாக வாங்கிய கன்றை முதல் இரண்டு வருடம் வெட்ட வேண்டாம். அடிமுளை வந்தால் மட்டும் கிள்ளுங்கள்.

8. வெட்டும் முறை

முதலில் கருவி. கத்தரியில் இரண்டு வகை உண்டு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும் வகையை வாங்குங்கள். ஓர் அலகு கீழே உள்ள தட்டையான பட்டையில் வந்து மோதும் வகை பச்சைக் கிளையை நசுக்கும். பெருவிரலை விடத் தடித்த கிளைக்கு ஒரு சின்ன மடக்கு வாள் வேண்டும். பாமசியில் ஒரு போத்தல் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, ஆரம்பிக்கும் முன்பும், நோய்பட்ட கிளை ஒன்றை வெட்டிய ஒவ்வொரு தடவையும் அலகைத் துடையுங்கள். என் முதல் மரத்தை வெட்டியது பக்கத்து வீட்டு மதில் செடிகளை வெட்ட வந்த தோட்டக்காரர். "சேர், இதையும் ஒரு கை பார்க்கட்டா?" என்று கேட்டார். சரி என்றேன். அதே கத்தரியால், சுற்றிவர ஒரு பந்து மாதிரி அழகாக வெட்டிக் கொடுத்தார். ஐப்பசி மாதம், அன்று பின்னேரமே மழை. இரண்டு வாரத்தில் நுனிகள் கறுக்க ஆரம்பித்தன, கறுப்பு கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

பந்து வெட்டு இந்த மரத்துக்கு ஆகாது. வெளியே அடர்ந்து, உள்ளே காற்றும் வெயிலும் போகாமல் செதில் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகிவிடும். நமக்கு வேண்டியது கிண்ண வடிவம்: ஒரு தண்டு, அதிலிருந்து வெவ்வேறு திசைக்குப் போகும் மூன்று அல்லது நான்கு தாய்க் கிளைகள், நடுவில் வெளி. மரத்தின் நடுவே கையை விட்டால் முழங்கை வரை இலையில் முட்டாமல் போக வேண்டும். நான் அப்படித்தான் அளக்கிறேன்.

வெட்டும் வரிசை:

முதலில் காய்ந்தவை. நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, மண்ணிறம் என்றால் பச்சை தெரியும் இடம் வரை வெட்டுங்கள்.

அடுத்தது அடிமுளைகள். தண்டின் அடியிலிருந்து கூட்டமாக வரும். இளசாக இருக்கும்போது கையாலேயே கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடலாம். கத்தரியால் வெட்டினால் மிச்சமிருக்கும் கட்டையிலிருந்து இரண்டு மடங்காக வரும்.

மூன்றாவது, வானத்தைப் பார்த்து விறைப்பாக நேரே ஏறும் தளிர்கள். கொழும்பு வெக்கைக்கு இவை ஒரு மாதத்தில் ஒரு முழம் போகும். மரத்தின் சாரத்தைக் குடிப்பவை இவைதான், அடியோடு எடுங்கள். எங்காவது ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்துத் தளிர் ஒன்றை விட்டுவைத்து, கயிற்றால் வெளிப்பக்கம் வளைத்துக் கட்டலாம்.

நான்காவது, உள்ளே திரும்பிய கிளைகளும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளும். இரண்டில் மெலிந்தது போகட்டும்.

கடைசியாகத்தான் நுனிகள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இலைகள் சோடியாக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டு எதிரெதிரே இருக்கும். சோடிக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே வெட்டினால் இரண்டும் கிளம்பும்: ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. மூன்று வாரம் கழித்து, உள்பக்கம் போகும் தளிர் நெல்மணி அளவில் இருக்கும்போதே பெருவிரலால் தேய்த்து விடுங்கள். காயமே இல்லாமல் ஒரு கிளையை இல்லாமலாக்கிவிட்டீர்கள். இந்த ஒரு பழக்கத்தால் அடுத்த வருட வேலை பாதியாகக் குறைந்தது.

தடித்த கிளையை வாளால் அறுக்கும்போது முதலில் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுத்து, பிறகு கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை பாரத்தில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு விழும். மிச்சக் கட்டையை அப்புறம் எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அதை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே வெட்டுங்கள்.

மொத்த இலையில் கால்வாசிக்கு மேல் ஒரு வருடத்தில் எடுக்காதீர்கள். இன்னும் வெட்டச் சொல்லிக் கை துறுதுறுக்கும். வெட்டிய ஒவ்வொன்றையும் நிலத்தில் ஒரு குவியலாகப் போடுங்கள், குவியலைப் பார்த்தாலே நிறுத்தத் தோன்றும்.

9. வெட்டிய பிறகு

பெயின்ட், தார், மஞ்சள் பற்று எதுவும் பூச வேண்டாம். உலர்ந்த காற்றே போதும். ஒரு வாரம் இலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாடி மாற்றுவது இருந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து, மார்ச் ஆரம்பத்தில் செய்யலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

உரம் உடனே போடாதீர்கள். புதுத் தளிர் தெரிந்த பிறகு அல்பர்ட் உரத்தைப் பக்கட்டில் எழுதிய அளவில் பாதி கரைத்து, மாதம் ஒருமுறை. கூடப் போட்டால் தளிர் சதைப்பிடிப்பாக வரும், மாவுப்பூச்சி அதைத் தேடி வரும். எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள், பூச்சி இருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள்.

கறுத்த, கழலை வந்த கிளைகளைக் கொம்போஸ்ட் குழியில் போட வேண்டாம்.

10. எனக்கு ஆன செலவு

கன்று 7,500 ரூபா, மண்சாடி 3,200, மணலும் சல்லியும் 900, டொலமைட் 150, கத்தரி 2,800, ஸ்பிரிட் 350, பத்தரமுல்லையிலிருந்து ஓட்டோ 1,200, சில்லுத் தட்டு 4,000. மொத்தம் 20,100 ரூபா. இது நான் வாங்கிய நேரத்து விலை, இன்று கூடியிருக்கும். மலிவாக முடிக்க நினைப்பவர்கள் கன்றில் குறைக்கலாம், சின்னதாக வாங்கலாம். கத்தரியிலும் சில்லுத் தட்டிலும் குறைக்காதீர்கள். முதல் மரத்துக்கு நான் வாங்கிய 600 ரூபாக் கத்தரி மூன்றாவது கிளையிலேயே அலகு விலகிப்போனது.

11. ஊருக்குப் போகும்போது

நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் யாழ்ப்பாணம் போவதென்றால், போகும் அன்று நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மரத்தைப் பாதி நிழலுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். அதுவே போதும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகத்தான் வேண்டுமென்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை கப் என்று தாளில் எழுதிச் சாடியிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் கீழ்மாடி அன்ரி அன்பு மிகுந்தவர், தினமும் இரண்டு வாளி ஊற்றியிருக்கிறார். இப்போது சாடியில் சிவப்பு எழுத்தில் "தண்ணீர் வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டியிருக்கிறேன்.